பிரேக் இல்லாத ஜப்பான் லாரி

லான்மடாவிலிருந்து அலோன் போகும் பஸ்ஸில், டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"பிரேக் புடிக்கல தம்பி!" என்றார் டிரைவர் கண்டக்டரிடம். நான் முன்கம்பியைக் கட்டிக்கொண்டேன்.

"ஐயையோ! அப்புறம் அண்ணே?"

"ஜப்பான்காரன் லாரிய இப்படி ஒடிச்சான் பாரு!"

டிரைவர் நேற்றுப் பார்த்த சினிமாக் கதைதான். ஆனால் அவர் ஒடித்துக் காட்டியது எங்கள் பஸ்ஸை. பக்கத்து ஆளின் லுங்கியை இறுக்கிப் பிடித்தேன்.

"அப்புறம் ஸ்டியரிங்க விட்டுட்டு, லாரிக் கூரைமேல ஏறுறான்..."

எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

"ஏறி? குதிச்சிட்டானா அண்ணே?"

"யாருக்குத் தெரியும்? கொட்டகையே சிரிக்குது, நான் பயந்துபோய் வெளிய ஓடியாந்துட்டேன்!"

இவ்வளவு பயந்த டிரைவர் கிடைத்தது என் பாக்கியம். அப்போதுதான் லுங்கியை விட்டேன்.