கல்யாணத்தன்று வந்து விழுந்த ஆட்டம்

"அக்கா, தாலி கட்டுறதை ஒரு மணித்தியாலம் முந்தி வைக்கேலாதோ?"

சென்ட் லோரன்ட் தெருவால் போகும் பஸ்ஸில் இதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். மடியில் டிரம்பெட் பெட்டியோடு ஒரு கல்லூரிப் பெண். பக்கத்தில் அவளுடைய அக்கா, கல்யாணப் பெண்.

"என்னடி விசர்க்கதை? ஐயர் வைச்ச முகூர்த்தம்."

"ஞாயிறு இருந்த ஃபுட்போல் மட்சைச் சனிக்கு, உங்கட கல்யாண நாளுக்கு, மாத்திப்போட்டாங்கள். எங்கட கொலிஜ் பாண்ட் ஒரு மணிக்கு மைதானத்தில நிக்கோணும்."

"நீயெல்லோ எனக்குத் தோழி. தோழி இல்லாமல் மணவறையில இருக்கிறதோ?"

"தாலி கட்டுமட்டும் நிப்பன். பேந்து ஓடோணும். இடைவேளையில முதல் தரமா நான் தனிய ஊதப்போறன், அக்கா."

அக்கா மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவருக்கு ஃபுட்போல் எண்டால் உயிர். சாப்பாடு முடிய எல்லாரும் மைதானத்துக்குத்தானாம். நான் கூறைச் சீலையோடயே வாறன்."

"உண்மையாவோ!" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கத்தாதை. தவில் அடிக்கிற அவற்ற மாமாவும் தவிலோட மைதானத்துக்கு வாறாராம். நீ ஊதேக்கை கெட்டிமேளம் எப்ப அடிக்கிறதெண்டு மட்டும் உன்னைக் கேட்டுச் சொல்லட்டாம்."