நல்லா போட்டீங்க!

தார் ரோடுன்னா என்னன்னே தெரியாத காலம். செம்பரைக்குடின்னு ஒரு ஊரு, அங்க உடையப்பன்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க பூட்டனுக்கே பூட்டன்! தேருக்கு முட்டுக்கட்டை போடுறது அவரு வேலை. தேர் ஓடும், சக்கரத்துக்கு அடியில கட்டையப் போடுவாரு, நிக்கும். ஓடும், போடுவாரு, நிக்கும். நாப்பது வருஷம்!

தேர் ஒழுங்கா நிலைக்கு வந்தா வடம் புடிச்சவங்களுக்கு மாலை. எவன் வீட்டுத் திண்ணையையாவது இடிச்சா, "எங்கய்யா அந்த உடையப்பன்?"

கல்யாண வீட்டுக்குப் போனாலும் விடமாட்டாங்களாம். "மாப்ளைய உள்ள கூட்டிட்டுப் போங்கடா, முட்டுக்கட்டை வருது!"

சிரிச்சுக்கிட்டே சாப்ட்டு வந்துருவாரு. ஆனா வருஷம் பூரா அதே நெனப்புதான். கட்டைக்கு எண்ணெய் தேய்ப்பாரு. தெருவுல எங்க பள்ளம், எங்க மேடுன்னு நடந்து நடந்து பாப்பாரு. அவரு சம்சாரம் காத்தாயி கேட்டாங்களாம், "இதுக்கு இம்புட்டு உசுர விடுறீங்களே, ஒருத்தராவது ஒரு வார்த்த சொன்னாங்களா?"

"இல்ல புள்ள. நான் நல்லா போடுறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. இந்த வருஷத்தோட விட்டுடுறேன்."

அந்த வருஷம் தேரன்னிக்குப் பாத்து மழை. தெக்குத்தெரு முக்குல செம இறக்கம், சேறு வேற. தேர் தானா ஓட ஆரம்பிச்சுருச்சு! முன்னாடி வடம் புடிச்சவங்க வழுக்கி, ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கெடக்காங்க. அடியில காத்தாயி.

மொத கட்டையப் போட்டாராம். சேத்துல வழுக்கிப் போச்சு. ரெண்டாவதும் போச்சு. மூணாவது கட்டை மேல சக்கரம் ஏறி, அது ரெண்டாப் பொளந்துருச்சு. கையில ஒண்ணே ஒண்ணு மிச்சம்.

அந்த வேலைக்கு ஒரே சட்டம்தான், கட்டைய வெச்சதும் கைய எடுத்துடணும். அவரு எடுக்கலயாம். எடுத்தா இதுவும் வழுக்கிரும்னு அவருக்குத் தெரியும். கட்டைய அமுக்கிப் புடிச்சுக்கிட்டு அப்படியே படுத்துட்டாராம்.

தேர் நின்னுச்சு. காத்தாயி தலைக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான்.

"சாமி நின்னுருச்சு! சாமி காப்பாத்திருச்சு!" ஊரே மேல பாத்துக் கும்புடுது. கீழ, கையும் தோளும் நசுங்கி, அவரு கேட்டாராம், "யாராவது சொல்லுங்கய்யா... நல்லா போட்டேனா?"

அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. காத்தாயிக்கு மட்டும் கேட்டுச்சு. ஆனா மேல நாலு பேர் கெடக்காங்க, வாயெல்லாம் சேறு. வார்த்த வரல.

"நல்லா போட்டேனா?"

அவங்க சேத்தத் துப்பிட்டு வாயத் தொறக்குறதுக்குள்ள மூச்சு நின்னு போச்சாம்.

அடுத்த வருஷம் அதே முக்கு, புது ஆளு கட்டை போட்டான், தேர் நின்னுச்சு. காத்தாயி ஒத்தை ஆளா நின்னு கத்துனாங்களாம், "நல்லா போட்டீங்க!" அதுக்கடுத்த வருஷம் பத்துப் பொம்பளைங்க. அப்புறம் ஊரே.

போன வாரத் தேருல நானும் கத்துனேன், இன்னும் தொண்டை சரியாகல. தெக்குத்தெரு முக்குல யாரு கட்டை போட்டாலும் சரி, மொத சத்தம் அதுதான். சாமி பேரச் சொல்றது அதுக்கப்புறம்தான்.