இடக்கை வாழ்த்து

இந்தத் திருமணத்தைத் தலைமையேற்று நடத்திவைக்க வந்திருக்கும் நம் மன்றத்தின் தலைவர், இந்த வட்டாரத்து இளைஞர்களைக் கடலுக்கு அனுப்பிவைக்கும் பெருந்தகை ஐயா பழனிச்சாமி அவர்களே! மடியில் பிள்ளைகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களே! இடமில்லாமல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஸ்ரீராம்புரத்துத் தோழர்களே! மகளுக்கும் மேடைக்கும் நடுவே தவித்துக்கொண்டிருக்கும் என் அண்ணி வள்ளியம்மா அவர்களே! மாலையும் கழுத்துமாகத் தனியே அமர்ந்திருக்கும் மணமகன் ராகேஷ் அவர்களே! மணமகள் வீணாவின் சித்தப்பன் என்ற முறையில் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பல ஆண்டுகளாக நான் இந்த மன்றத்தின் உறுப்பினன். தமிழில் முதுகலை படித்தவன். எனக்கு இதுவரை இந்த மேடையில் கிடைத்தது நன்றியுரை மட்டும். பந்தியில் இலை போட்ட பிறகு, நாற்காலிகள் நகர, நீங்களெல்லாம் முதுகைக் காட்டி நடக்க, அந்த முதுகுகளுக்கு நன்றி சொன்னவன் நான். இன்றுதான் நடுவில் அழைத்திருக்கிறார்கள். ஏன்? என் தமிழ் திடீரென்று இனித்துவிட்டதா? இல்லை ஐயா, இல்லை. மேடையில் மணமகள் இல்லை! தலைவர் என் காதோரம் வந்து சொன்னார்: "நாலு வார்த்தை பேசிப் பொண்ண சமாதானப்படுத்துங்க. மண்டபம் மத்தியானம் வரைக்கும்தான்."

பேசுகிறேன். சமாதானமாக வேண்டியவர் யார் என்பதைக் கடைசியில் சபை சொல்லட்டும்.

அங்கே யாரோ பெண்ணுக்கு விருப்பமில்லை என்கிறார்கள். அம்மா, இந்த மாப்பிள்ளையை அவளேதான் விரும்பினாள். அவள் அண்ணன் சுனிலும் இந்த ராகேஷும் அடுகோடியில் ஒரே பட்டறையில் இரும்பு அறுத்தவர்கள். சுனிலைப் பார்க்க வீட்டுக்கு வந்தவன், பிறகு சுனில் இல்லாதபோதும் வந்தான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதிக நேரம் சிரிக்க விடமாட்டேன்.

இந்த நகரத்தில் வானத்தைத் தொடும் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றின் படிக்கட்டுக் கம்பிகளை இவர்கள்தான் பற்றவைத்தார்கள். உள்ளே ஒரு நாற்காலி கிடைத்ததா? கிடைக்கவில்லை. அப்போது தலைவர் ஒரு வழி காட்டினார். மும்பைக்கு அப்பால், கரை தெரியாத கடலில், எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக். பட்டறையில் வாங்கியதைப்போலப் பல மடங்கு சம்பளம். இரண்டு பேரும் போனார்கள். "ஒரே தெரு, ஒரே ரிக், இரண்டு சிங்கங்கள்" என்று தலைவர் பேனர் வைத்தார். சிங்கங்கள் என்ன வேலை பார்த்தன? ஆளை விடப் பல மடங்கு நீளமான இரும்புக் குழாய்களைப் பூட்டுவதும் கழற்றுவதும். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி, சேறும் எண்ணெயும் வழியும் தளத்தில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு.

என்ன தலைவரே? சுருக்கவா? ஒரு சின்னச் சந்தேகம் கேட்டுவிடுகிறேன். அவ்வளவு நல்ல ரிக்குக்கு உங்கள் மகன் ரித்விக் ஏன் போகவில்லை?

சரி, அதை விடுங்கள். அந்த வேலையில் ஒரு முறை உண்டு. நான்கு வாரம் கடல், நான்கு வாரம் வீடு. நீ இறங்க வேண்டுமானால் உன் இடத்துக்கு ஒருவன் ஏற வேண்டும். அவன் பெயர் ரிலீவர். அவன் வந்து சேரும்வரை நீ இறங்க முடியாது. சுனிலுக்கு ரிலீவர் ராகேஷ். ராகேஷுக்கு ரிலீவர் சுனில். ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுக்கிறார்கள். இருவரும் பார்த்துக்கொள்வது ஹெலிகாப்டர் இறங்கும் தட்டில், பையோடு குனிந்து ஓடும்போது மட்டும். பக்கத்துச் சந்தில் வளர்ந்த இருவர் அதன்பின் இந்தத் தெருவில் ஒன்றாக நின்று ஒரு டீ குடித்ததில்லை.

இந்த நிலையில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. எல்லோரும் ஜாதகம் வேண்டாம், சீர் வேண்டாம் என்று பெருமை பேசினார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். நம் வழக்கத்தில் மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வருபவன் யார்? பெண்ணின் அண்ணன். தகப்பன் இல்லாத வீட்டில் எல்லாமே அண்ணன். மாப்பிள்ளை இங்கே இருந்தால் அண்ணன் அங்கே. அண்ணன் இங்கே வந்தால் மாப்பிள்ளை அங்கே. மாலையை யார் போடுவது? நாளை பிள்ளை பிறந்தால், தாய்மாமன் மடியில் காது குத்தும்போது தகப்பன் எங்கே இருப்பான்?

தலைவர் சொன்னார்: "படிச்சவங்க கண்ணுக்கு ஓட்டை மட்டும்தான் தெரியும்." சுனில் என் தோளில் கைபோட்டான். "விடுங்க சித்தப்பா, பாத்துக்கலாம்" என்றான். தோளில் விழுந்தது வலதுகை. கனமான கை.

பார்த்துக்கொண்டான், அன்பர்களே! ராகேஷ் திரும்பிப் போகவேண்டிய நாள் கடந்துவிட்டது. சுனில் இறங்கவில்லை. "நீ கல்யாணத்த முடிச்சிட்டு நிதானமா வா மச்சா, உன் முறையையும் நானே பாக்குறேன்" என்று அங்கேயே தங்கிவிட்டான். அண்ணன் செய்த சீர் அதுதான். நகையாகவோ பாத்திரமாகவோ வரவில்லை. உடம்பாகக் கொடுத்தான்.

இன்று காலை மணமகள் அறையில் நான் இருந்தேன். வீணா மாலை சூடிக்கொண்டு அண்ணனை வீடியோவில் அழைத்தாள். அவன் முகம் வற்றிப்போயிருந்தது. பெண்களெல்லாம் கேலி பேசினார்கள், அவனும் பேசினான். பிறகு இவள் போனை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுத் தரையில் விழுந்து கும்பிட்டாள். அவன் கையைத் தூக்கி வாழ்த்தினான்.

இடதுகையை.

தாய்மார்களே, நம்மில் யாராவது இடதுகையால் வாழ்த்துவோமா? சண்டைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக்கூடச் செய்வோமா? இவள் எழுந்தாள். "அண்ணா, வலது கைய தூக்கு" என்றாள். அவன் சிரித்தான். "சிக்னல் போவுது வீணா" என்றான். சிக்னல் போகவில்லை. "தூக்குண்ணா." அவன் முயன்றான். முழங்கை மார்பு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு இடதுகையால் அந்தக் கையைத் தூக்கப் பார்த்தான். பிறகுதான் உண்மையைச் சொன்னான். குழாய் திரும்பி அடித்துத் தோள் போய்விட்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு வேலை செய்துகொண்டிருக்கிறான். மருத்துவரிடம் சொன்னால் உடனே இறக்கிவிடுவார்கள், உடனே ராகேஷைக் கூப்பிடுவார்கள், கல்யாணம் நிற்கும். காயத்தோடு இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளியை மறுபடி ஏற்றவும் மாட்டார்கள். அதனால் சொல்லவில்லை.

வீணா மாலையைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நடந்தது இதுதான்.

யாரது பின்னால், கேட்கவில்லை என்று கன்னடத்தில் "கேளிஸ்தில்லா சார்" என்பது? உரக்கச் சொல்கிறேன் அப்பா. அந்தப் பக்கம் எழுந்து நிற்கும் தம்பி, நீங்கள் வேறா? "வேலையை விட்டுடச் சொல்லுங்க" என்கிறீர்கள். நல்ல ஆவேசம்! நானும் இதே ஆவேசத்தோடு அறையிலிருந்து ஓடிவந்தேன். இந்த ராகேஷும் எழுந்து நின்று, "நான் வேலைய விட்டுடறேன் மாமா" என்றான். விட்டால்? யோசித்துப் பாருங்கள். இவன் போகாவிட்டால் அவன் காயத்தைச் சொல்லாமல் இறங்க முடியாது! வேறு ஆள் தேடுவார்கள், தேடிக்கொண்டே இருப்பார்கள், அதுவரை அந்தத் தோள் குழாயைத் தூக்கிக்கொண்டே இருக்கும். ஒருவனுடைய வீரம் இன்னொருவனுக்குச் சிறை. இப்படியொரு முடிச்சைப் போட்டுவிட்டு அதற்குச் சம்பளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என்னைப் போன்ற படித்தவன் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. வீணாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சித்தப்பா, உறுதிமொழியில ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில கெளம்பறேன்னு அவர் சபையில சொல்லட்டும். நான் வந்து உக்காருறேன்."

சம்பந்தியம்மா மமதா கேட்டார்கள்: "மறுவீடு இருக்குது, விருந்து இருக்குது. கல்யாணம் ஆன மறுநாளே புருஷன அனுப்புற பொண்ணு எங்கயாவது உண்டா?" நியாயமான கேள்வி அம்மா. இதுவரை இல்லாமல் இருக்கலாம். உங்கள் மகன் அவள்மேல் வைத்த ஆசைக்கு நான் சாட்சி. அவன் இங்கே விருந்து உண்ணும் ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு தோள் கிழிகிறது என்பதற்கும் இன்று நானே சாட்சி. அவள் புருஷனை வெறுத்தா அனுப்புகிறாள்? போகிறவனை நினைத்து அழப்போகிறவளும் அவள்தான். வருகிறவனுக்கு ஒத்தடம் கொடுக்கப்போகிறவளும் அவள்தான். அழுவதற்கும் ஆறுவதற்கும் ஒரே நாளைக் கேட்கிறாள். வேறு என்ன கேட்டாள்?

ராகேஷ்! நம் முறையில் புரோகிதர் இல்லை, புகை இல்லை. இந்தச் சபைதான் சாட்சி, உன் சொல்தான் மந்திரம். தலைவர் வாசித்துக்கொடுப்பதை அப்புறம் சொல்லலாம். முதலில் இதைச் சொல். உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உன் அம்மாவைப் பார்க்காதே, என்னையும் பார்க்காதே. மைக்கைப் பிடி.

...

சொல்லிவிட்டான். மைக்கைத் தள்ளிப் பிடித்ததால் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. "நாளைக்குக் காலையில கெளம்பறேன். அவன் கரைக்கு வந்துட்டான்னு வீணா போன்ல சொன்னாதான் வேலைக்குக் கை வெப்பேன்" என்கிறான். கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். இது தட்டுவதற்குரிய செய்தி அல்ல.

தலைவரே, உங்களிடம் எனக்குள்ள கணக்குகள் அப்படியே இருக்கின்றன, ஒன்றையும் நான் மறக்கவில்லை. அவை கிடக்கட்டும். சுனிலின் தோளைப் பற்றி இங்கே கேட்டது இந்த மண்டபத்தைத் தாண்ட வேண்டாம். இந்த இருவரில் ஒருவனை வேறு ரிக்குக்கு மாற்றிக்கொடுங்கள். அதுவரை உங்கள் பேனரில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அப்படி அவர்கள் நின்றதே இல்லை.

அதோ, வீணா வருகிறாள். வழிவிடுங்கள் தோழர்களே. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. மணமக்களே, நீங்கள் இருவரும் சேர்ந்திருக்க இன்று ஒரு பகலும் ஓர் இரவும் இருக்கின்றன. என் பேச்சால் அதைக் குறைக்க மாட்டேன். வாழ்க. வணக்கம்.