நேற்றுச் செத்தவர்

மேலூரிலிருந்து மதுரை வரும் டவுன் பஸ். மழை தூறிக்கொண்டிருந்தது. முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "நேத்து நான் செத்துட்டேன் மாப்ள."

அதற்குமேல் எனக்கு எங்கே தூக்கம் வரும்?

"என்ன மச்சான் சொல்றீக?"

"எங்க கண்மாயில வெள்ள ஒத்திகை. ஆபீசருக, ரப்பர் படகு, ஆம்புலன்ஸு, அம்புட்டும் வந்துச்சு. நான் முங்கிச் செத்தவனாம். கரையில படுக்கப் போட்டாக."

"கண்மாயில முழங்கால் தண்ணிகூட இல்லையே?"

"அதான் படுக்கப் போட்டாக."

"சும்மாவா படுத்திருந்தீக?"

"எப்படிடா? கண்ணுக்கு நேரா மடை ஷட்டரு. துருப்புடிச்சுப் போச்சு, தூக்கவே முடியாது. கண்மாய் நெறைஞ்சா கரை உடைஞ்சு தண்ணி நேரா எங்க தெருவுக்குத்தான் வரும். எந்திரிச்சு ஆபீசர்கிட்டச் சொன்னேன். 'யோவ், நீ செத்தவன், பேசக்கூடாது, படு'ன்னுட்டாரு."

"உசுரோட ஒருத்தனும் இல்லையா?"

"எங்க சித்தப்பா மகன் இருந்தான். அவனும் சொன்னான். 'நீ காப்பாத்தப்பட்டவன், போய்ப் போர்வையப் போத்திக்கிட்டு உக்காரு'ன்னாரு. பெறகு ஒத்திகை வெற்றின்னு கைதட்டி, போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாக."

அந்த ஆபீசர் என் கையில் கிடைத்திருந்தால் அவரையும் படுக்கவைத்திருப்பேன்.

மழை வலுத்தது. முன்சீட்டுக்காரர் ஜன்னல் ஷட்டரை இழுத்தார். அது அசையவில்லை.

"இதுவும் கவர்மெண்டு ஷட்டருதான மச்சான்."

அவர் சிரிக்கவில்லை. நனைந்தபடியே மனைவிக்குப் போன் போட்டார்.

"மழை விடலைன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மேட்டுத் தெருவுக்குப் போயிரு. இல்லடி, ஒத்திகை நேத்தே முடிஞ்சிருச்சு."