செடி அறைக்குக் கொடுத்த விளக்கு

செடிக்கு வெயில் போதும். இதைத் தெரிந்துகொள்ள ஒருத்தன் காலேஜ் வரைக்கும் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரான கெடாரில் கொல்லையில் மல்லாட்டை விளைந்தது, கேப்பை விளைந்தது. எதற்கும் யாரும் சுவிட்சு போட்டதில்லை.

அய்யா கேட்டதால் சொல்கிறேன், நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். பேர் முருகையன். வயசு அறுபத்தெட்டு. படிப்பு மூன்றாம் கிளாஸ். முப்பது வருஷம் தெருவிளக்குக் கம்பம் ஏறிய வயர்மேன். இப்போது திண்டிவனத்தில் ரயில்வே கேட் பக்கம் சின்னதாக ஒரு எலக்ட்ரிக் கடை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஒரே பெண், கிருஷ்ணவேணி, இருபத்திரண்டு வயசு. அவளுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தை அவள் புருஷன் தேவநாதன் கண்ணில் ஊற்றிவிட்டான் என்று உங்களிடம் மனு கொடுத்தது நான். அதன் பேரில்தான் அவனை மூன்று நாளாக உள்ளே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

மனுவில் எழுதாத சில விஷயங்கள் இருக்கின்றன. அவன் வீட்டுச் செடி அறையில் எரிந்த விளக்கைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். காலையில் சவுரிராயனை வரவழைத்துக் காட்டியதும் எனக்குத் தெரியும். அவன் என்னோடு கம்பம் ஏறியவன். விளக்கைப் பார்த்தான். வெளியே வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவன் வாயால் கேட்டால் நீட்டி முழக்குவான்.

தேவநாதன் இங்கே விழுப்புரத்தில் ஒரு காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது என்று தரகர் சொன்னார். செடி உண்டு என்று சொல்லவில்லை. வாடகை வீட்டில் இரண்டு அறை. ஒன்றைச் செடிக்குக் கொடுத்துவிட்டு மற்றதில் புருஷனும் பெண்டாட்டியும் குடியிருந்தார்கள். ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த பெகோனியா, பெரணி, இன்னும் வாயில் நுழையாத பேர்கள். விழுப்புரத்து வெயில் அதுகளுக்கு ஆகாதாம். ஜன்னலைச் சாத்திச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தான். வெயில் ஆகாத செடியை வெயில் ஊருக்குக் கொண்டுவந்து, வெயிலை மறைத்துவிட்டு, அப்புறம் வெளிச்சத்துக்குக் கடை கடையாக ஏறி இறங்குகிறவனைத்தான் படித்தவன் என்கிறார்கள்.

போன ஐப்பசியில் தலைதீபாவளிக்கு வந்தார்கள். என் தங்கை கெங்கம்மாள் இருவருக்கும் எண்ணெய் வைத்தாள். புதுத்துணி கட்டினார்கள். காணையிலிருந்தும் கெடாரிலிருந்தும் சொந்தக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. பத்து மணிக்கு மாப்பிள்ளை பையை எடுத்துக்கொண்டு நிற்கிறான்.

"கெளம்பறோம் மாமா. செடிக்கு ஈரம் காஞ்சிடும்."

"ஜனங்க வந்துக்கினு இருக்காங்க மாப்ளே. ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

"ஒரு நாளைக்கு மூணு தரம் தண்ணி தெளிக்கணும் மாமா. காலையில தெளிக்காமலே வந்துட்டோம்."

கிருஷ்ணவேணி அவனுக்கு முன்னால் வாசலில் இறங்கி நின்றாள். "போய்ட்டு வர்றேன் நைனா. பாவம், வாடிப்போயிடும் அதுங்க."

பாவமாம். எட்டு வயசிலிருந்து என் சோற்றை வடித்துப் போட்ட பெண். தட்டை அலம்பிவிட்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பாடம் படிப்பாள். அவளுக்கு இப்போது தொட்டிச் செடி பாவமாகிவிட்டது. மத்தியானம் வந்தவர்கள் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். செடிக்குத் தண்ணீர் தெளிக்கப் போயிருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? வயிற்று வலி என்றேன். சுப்பராயலு என்று ஒரு பங்காளி, "உன் சமையலச் சாப்புடறதுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டான். பந்தி முழுக்கச் சிரித்தது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை கடைக்கு வந்தான், கையில் ஒரு நோட்டு. பக்கத்து சைக்கிள் கடை மாசிலாமணி டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, வெளிச்சமில்லாம செடியெல்லாம் வெளுத்து நீளமாப் போவுது. லைட்டு போடலாம்னு இருக்கேன். குண்டு பல்பு ஆவாது, சூடு. டியூப் லைட்டுல நீல வெள்ளை ஒண்ணு, மஞ்ச வெள்ளை ஒண்ணு, ஜோடியாக் கட்டி இலைக்கு ஒரு அடி மேல தொங்கவுடணும். தினம் பன்னெண்டு மணி நேரம்."

"அப்புறம் படுத்துக்கப் பாயி, தலகாணி?" என்றேன்.

மாசிலாமணிக்குப் புரை ஏறிவிட்டது. "எங்க தெருவுல மனுசனுக்கே கரண்டு இல்ல. அடுத்த ஜென்மத்துல உங்க மாப்ள வூட்ல தொட்டிச் செடியாத்தான் பொறக்கணும் முருகையா."

அவன் சிரிக்கவில்லை. "மாமா, உங்களுக்கு ஒயரு தெரியும். வெளிச்சம் படிச்சவங்க சமாச்சாரம். நோட்டுல இருக்கறத எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும்."

மரியாதையாகத்தான் சொன்னான், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு. மாசிலாமணி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டியூப் லைட்டு ஸ்டாக்கு இல்ல மாப்ளே," என்றேன். பரண் நிறைய இருந்தது. "அதைவிட ஒசத்தி ஒண்ணு தர்றேன். தலைதீபாவளிச் சீரா வெச்சிக்குங்க. நானே வந்து மாட்டிடறேன்."

சீர் என்று கொடுத்தால் எந்த மாப்பிள்ளையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது தெரிந்துதான் அந்த வார்த்தையைப் போட்டேன்.

தெருவில் எரிகிற மெர்க்குரி விளக்கை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதில் இரண்டு கண்ணாடி இருப்பது கம்பம் ஏறியவனுக்குத்தான் தெரியும். வெளியே பெரிய குடுவை, உள்ளே விரல் அளவு ஒரு குழாய். வெளிக்குடுவை உடைந்தாலும் உள்குழாய் அது பாட்டுக்கு எரியும். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு விஷம் உண்டு. வெளிக்கண்ணாடிதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. குடுவை உடைந்த விளக்கைக் கண்டால் முதலில் கரண்டை நிறுத்து, அப்புறம் பேசு என்பார்கள். சவுரிராயன் ஒரு தரம் ஷெட்டில் அப்படி ஒன்றின் கீழே அரை நாள் வேலை செய்தான். மறுநாள் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி துடித்தான். முகத்தில் தோல் உரிந்தது. அவனைக் கைபிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டதே நான்தான்.

வெளிக்குடுவை இல்லாத விளக்கைத்தான் கொண்டுபோனேன். இருந்த குடுவையை எடுத்தது நான். தகரக் குடை போட்டு மூடி, இலைக்கு இரண்டு அடி மேலே தொங்கவிட்டேன். போட்டதும் அறை முழுக்க நீல வெளிச்சம், மழைக்கு முன்னால் வருமே அது மாதிரி ஒரு வாசனை. தேவநாதன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, காற்று சுத்தமாகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டான். அவ்வளவுதான் அவன் படிப்பு.

செடி கருக வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டு எழுதுகிறவன் கண்ணும் பத்து நாள் எரியட்டும் என்று நினைத்தேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டு நாள் கழித்துப் போனேன். அவன் கண் பளிச்சென்று இருந்தது. நோட்டும் கையுமாக முன்னறையில் உட்கார்ந்திருந்தான். செடியைப் பற்றி அவன் நோட்டில் எழுதுகிறதோடு சரி, தண்ணீர் தெளிப்பது, ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பது எல்லாம் என் பெண். இலை ஓரம் காப்பிப்பொடி நிறத்தில் கருகியிருந்தது. ஈரம் போதவில்லை என்று அவன் முடிவு கட்டி, மூன்று தரத்தை ஆறு தரம் ஆக்கியிருந்தான்.

கிருஷ்ணவேணி முகம் கறுத்து, கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"மெட்ராஸ் ஐ நைனா. தெருவே இப்டித்தான் கெடக்குது. கண்ணத் தொறந்தா முள்ளுல குத்தற மாதிரி இருக்குது."

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே கூட்டிவந்திருந்தால் கண் பிழைத்திருக்கும் என்று பாண்டிச்சேரியில் டாக்டர் பின்னால் சொன்னார். அவர் சொல்லவே வேண்டாம். எனக்குத் தெரியும்.

தேவநாதன் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான். "மாமா, எனக்கென்னமோ இந்த லைட்டு மேலதான் சந்தேகமா இருக்குது. கழட்டிப் பாக்கலாமா? நீங்க என்னா சொல்றீங்க?"

அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால், கெட்ட விளக்கைக் கொடுத்தவன் நான் என்றாகும். அந்த நோட்டில் அதையும் எழுதிக்கொள்வான்.

"வெளிச்சத்தப் பத்திப் படிச்சவர் நீங்க மாப்ளே. நான் ஒயர்காரன். எனக்கு என்னா தெரியும்?" என்றேன். அப்புறம், "ஊருக்கே வந்திருக்குது மெட்ராஸ் ஐ. அதுக்குப் போயி லைட்டக் கழட்டுவாங்களா?" என்றும் சொன்னேன்.

பாண்டிக்கு அழைத்துப் போகிறேன் என்றான். கண்ணாஸ்பத்திரியில் முதலில் எந்த வெளிச்சத்தில் இருந்தாள் என்றுதான் கேட்பார்கள். வேண்டாம் என்றேன். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டால் போதும், எங்கள் ஊரில் எல்லாரும் விடுகிறார்கள் என்றேன். முதல் சொட்டு நானே விட்டேன். அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கை என்பதால் கண்ணைத் திறந்து காட்டினாள்.

அதற்குப் பிறகும் பதினோரு நாள் விளக்கு எரிந்தது. அந்தப் பதினோரு நாளில் மூன்று தரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். மூன்று தரமும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தரமும் அந்தப் பயல் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கடைசியில் அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். கருவிழி வெந்து, பூச்சாறு பட்டுப் புண்ணாகி, இரண்டிலும் வெள்ளை விழுந்திருந்தது. அன்றைக்குத்தான் பாண்டிக்குப் போனோம்.

புருஷன் அங்கே நடையில் உட்கார்ந்து அழுதான். நான் அவளை நேரே திண்டிவனம் கூட்டிவந்துவிட்டேன். மறுநாள் மனு கொடுத்தேன். பூச்சிமருந்து என்பது பொய். அவன் வீட்டில் ஒரு பாட்டில் இருப்பது தெரியும், அதை வைத்து எழுதினேன்.

இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். தட்டில் சோறு எங்கே, குழம்பு எங்கே என்று விரலைப் பிடித்துக் காட்டுகிறேன். கொல்லைக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். விழுப்புரத்துக்குப் போகணும் என்று முதலில் இரண்டு நாள் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. சாயந்திரம் ஆனால் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், முன்னெல்லாம் இருந்த மாதிரி.

நான் செய்தது அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். தேவநாதனை விடுவதானால் விடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பெண்ணை மட்டும் அவனோடு அனுப்பிவிடாதீர்கள், அய்யா. கண் தெரியாத பிள்ளை. அவளை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்ள அவனுக்குத் தெரியாது.