மூக்கு இடப்பக்கம் ஓடும்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறியில் ஒரு இறக்கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது சார். அதனால்தான் இந்தத் தடதட சத்தம். ஒரு ஸ்டூல் கொடுத்தால் பேசிக்கொண்டே நிமிர்த்திவிடுவேன். வேண்டாமென்றால் விடுங்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். சுற்றுகிற எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது.

மேஜை மேல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் என் மாப்பிள்ளையுடையது. பொம்மை என்று சொல்கிறோமே தவிர, அதன் இறக்கை என் கை நீளம் இருக்கும். அதில் இடம் மாறியிருக்கும் ஒயரைப் பற்றித்தானே கேட்டீர்கள். மாற்றியது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் காரணத்தைச் சொல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

தலைமேல் இருக்கும் பெரிய இறக்கை ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு சின்ன விசிறி. பவரை ஏற்றினால் மூக்கு இடப்பக்கம் ஓடும். இறக்கினால் வலப்பக்கம் வரும். நான் ஹெலிகாப்டர் பறக்கவிடக் கற்றுக்கொண்டபோது இதையெல்லாம் விரலால்தான் பிடித்தேன். மூக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பிடிக்கப் போனால் காரியம் கெட்டது. பவரை ஏற்ற நினைக்கும்போதே மற்ற கை வாலுக்குக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது ஜைரோ என்று தீப்பெட்டி அளவில் ஒன்று வந்துவிட்டது. வால் அசைந்தால் அதுவே உணர்ந்து, அதுவே பிடித்துக்கொள்ளும். பறக்க விடுகிறவர் தேமே என்று நிற்கலாம்.

மாப்பிள்ளை அப்படி நின்றவர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். மாமனாரோடு ஒட்ட வேண்டுமென்றே இதை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குப் போவோம். அவர் ரிமோட்டையும் என் ரிமோட்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிடுவேன். ஓட்டுவது அவர். ஆபத்து என்றால் கட்டுப்பாட்டை நான் வாங்கிக்கொள்ளலாம். டிரைவிங் பள்ளிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த மாதிரி. சீக்கிரமே ஹெலிகாப்டரை அந்தரத்தில் அசையாமல் நிறுத்தக் கற்றுக்கொண்டார். என் மகள் கை தட்டினாள். நிறுத்தியது அந்தத் தீப்பெட்டி என்று அவளுக்கு எங்கே தெரியும்?

சிட்டு எனக்கு ஒரே மகள். அவள் அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். கல்யாணமாகியும் அடுத்த தெருவில்தான் இருந்தாள். பிறகு மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. டிக்கெட்டெல்லாம் எடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "வீடியோ கால்ல தினமும் பேசலாம்பா, இங்க இருக்கற மாதிரியேதான்" என்றாள். அவள் அப்போதே போய்விட்டது போல இருந்தது. ரொம்ப வலித்தது சார், அதை மறைக்க மாட்டேன்.

அதற்காக மாப்பிள்ளை மேல் கோபமில்லை. ஒரு கவலை, அவ்வளவுதான். கண் காணாத தேசத்தில் ஏதாவது ஒன்று என்றால் இவர் என்ன செய்வார்? தானாகப் பிடித்துக்கொள்ளும் பெட்டி இல்லாவிட்டால் இவர் கை என்ன செய்யும்? அதைச் சிட்டு ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் போவதா வேண்டாமா என்று அவளே யோசிப்பாள். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

இறக்கைகளைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று ஹெலிகாப்டரைக் கடைக்கு எடுத்துப்போனேன். வாலை இயக்கும் மோட்டாரின் ஒயரை ஜைரோவிலிருந்து பிடுங்கி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரில் நேராகச் செருகினேன். ஜைரோவுக்குக் கரண்ட் போகும் ஒயரை அப்படியே விட்டேன். விளக்கு எரிந்தது, வாலை மட்டும் அது பிடிக்காது. விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று நம்புகிறவர் மாப்பிள்ளை. புறப்படும் முன் மூக்கைக் கையால் திருப்பி, வால் எதிர்த்துப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை எப்போதும் நான்தான் பார்ப்பேன். அன்றும் திருப்பிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்றேன்.

அவர்கள் வெளிநாடு போவதற்கு முந்தைய ஞாயிறு அது. மாப்பிள்ளை நல்ல உற்சாகத்தில் இருந்தார். "நீங்க பக்கத்துல நின்னா எனக்கு ஜைரோவே வேணாம் மாமா" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். சிட்டு போனில் படமெடுக்கத் தயாரானாள். வழக்கமாக எங்கள் பின்னால்தான் நிற்பாள். இடப்பக்கம் வேலியோரமாகப் போய் நிற்கச் சொன்னேன். அங்கிருந்து எடுத்தால் வெயில் அவள் முதுகில் இருக்கும், மாப்பிள்ளை முகம் தெளிவாக விழும். பொய்யில்லை, நீங்களே போய்ப் பாருங்கள்.

பவரை ஏற்றினார். தரையை விட்டு எழுந்ததும் மூக்கு இடப்பக்கம் ஓடியது. ஓடிய பிறகுதான் பிடித்தார். பிந்திவிட்டது. பிறகு அதிகமாகக் கொடுத்தார், இந்தப் பக்கம் வந்தது. விட்டார், மறுபடி ஓடியது. எனக்குத் தெரியும், பயந்தவர்கள் எல்லாரும் அடுத்துச் செய்வது ஒன்றுதான். உயரே போனால் தப்பிக்கலாம் என்று பவரை இன்னும் ஏற்றுவார்கள். அவரும் ஏற்றினார். மூக்கைச் சாய்த்துக்கொண்டு வேலிப் பக்கம் பாய்ந்தது. சிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் அது சின்னதாகத்தான் தெரிந்திருக்கும்.

"மாமா, வாங்கிக்கோங்க" என்றார். "வாங்கிக்கோங்க மாமா, சிட்டு நிக்கிறா."

அவளுக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றைப் பற்றி டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து, "என்னாலதான் மாமா" என்று அழுதார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. உங்களிடமும் அவர் அதையேதான் சொன்னாராம்.

நான் அன்று மைதானத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்று முதலில் எழுதிக்கொடுத்தேன் அல்லவா? அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். மேஜை மேல் இருக்கும் என் ரிமோட்டைப் பாருங்கள், மேல் மூலையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஸ்பிரிங் வைத்தது. இதை நான் அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் ஓட்டுவது அவர். விரலை எடுத்தால் போதும், அந்தக் கணமே ஹெலிகாப்டர் என் கைக்கு வந்துவிடும். வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டே திருப்பியிருப்பேன். அவர் கத்தியது கேட்டது. அவள் நிற்பதும் தெரிந்தது. விரலை எடுக்கவில்லை சார். ஸ்பிரிங் கொஞ்சம் கடினம், இன்னும் பலமாக அழுத்திக்கொண்டேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள். அவளுடைய பழைய அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். மாடிப்படியில் கைப்பிடி வைக்க ஆள் சொல்லியாயிற்று. என்னை எத்தனை மணிக்கு விடுவீர்கள்? கட்டுப் போட்ட கண்ணோடு தடுமாறுவாள், பிடித்துக்கொள்ள நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.