எண்பத்தஞ்சாம் நம்பர் வண்டி

– பாரு கூத்த! அரை மணி நேரமா அதே ஐஸ்கிரீம் கடையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.

– புலம்பாம வண்டிய நகத்துடா பஸ்தியான்.

– எங்க நகத்துறது, நதேஜக்கா? முன்னாடி வண்டிங்களோட நம்பர் பலகையில மாவட்ட நம்பரப் படிச்சுப் பாரு. எழுபத்தஞ்சு, பாரிஸ்காரன். தொண்ணூத்திரெண்டு, அவனும் பாரிஸ் பக்கம். இதோ பக்கத்துல எழுபத்தெட்டு, கூரை மேல மூணு சைக்கிள் வேற. நம்மூரு எண்பத்தஞ்சு ஒண்ணுகூட இல்ல. வியாழக்கிழமை விண்ணேற்புத் திருநாள் லீவு. வெள்ளிக்கும் லீவப் போட்டு ஞாயிறு வரைக்கும் பாலம் கட்டிட்டானுங்க. அவனுங்க கட்டுன பாலத்துல நம்ம தீவுப் பாலம் அடைச்சுக்கிச்சு.

– நம்பரப் பாத்து என்ன ஆகப்போகுது? அப்பாவப் பத்தி ஒதில் அத்தை போன்ல என்ன சொன்னாங்க, அத மறுபடி ஒழுங்கா சொல்லு.

– டாக்டர் வந்து பாத்துட்டுப் போனாராம். ராத்திரி தாங்கறது கஷ்டம், புள்ளைங்கள வரச் சொல்லுங்கன்னாராம்.

– கடவுளே! பாலத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

– எட்டு கிலோமீட்டர். இந்த வேகத்துல போனா அடக்கத்துக்குத்தான் போய்ச் சேருவோம்.

– வாயக் கழுவுடா.

– பொய்யா சொல்றேன்? குளிர்காலத்துல நம்ம தெருவுல விளக்கு எரியறது ரெண்டே வீட்டுல. நம்ம வீடு, ஒதில் அத்தை வீடு. மிச்சமெல்லாம் இவனுங்களுக்கு வாடகைக்கு. ரொட்டிக்கடைகூட இவனுங்க வந்தாத்தான் தொறக்குது. தீவுல பொறந்த நான் வீடு கிடைக்காம இந்தக் கரையில குடியிருக்கேன். அவன் சைக்கிளக் கட்டிக்கிட்டு நம்ம தெருவுலயே போய்ப் படுக்கறான்.

– அவன்கிட்டத்தானே சிப்பி விக்கிற? விலை கேக்காம தட்டு தட்டா வாங்கறப்ப மட்டும் இனிக்குதோ?

– குத்திக் காட்டாதக்கா. எரியுது எனக்கு.

– எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்கா? நான்த் ஊருலருந்து ரயில்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன். சரி, ஒண்ணு கேக்கறேன். ஆறு வருஷமா அப்பா வீட்டு வாசப்படி மிதிக்காதவன், இன்னிக்கு எதுக்குடா இப்படிப் பறக்கற?

– அந்தாள ஒரு கேள்வி கேக்கணும்.

– இன்னுமா அதச் சுமந்துக்கிட்டுத் திரியற?

– நீ பாக்கலக்கா. அம்மாவுக்கு மூச்சு நின்னப்ப கையப் புடிச்சிக்கிட்டு நான் ஒருத்தன்தான் இருந்தேன். அந்தாளு எங்க? குவாவுல! எவனோ பாரிஸ்காரன் காரு அந்தக் கடல் பாதையில மாட்டிக்கிச்சுன்னு டிராக்டர எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அந்தாளு பேரச் சொல்லி ‘ரெமி வந்தாச்சா, ரெமி வந்தாச்சா’ன்னு கேட்டுக்கிட்டே போனா அம்மா. அவளவிட அந்த ஜனம் பெருசாப் போச்சான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கணும். கேக்காம அவரப் போக விடமாட்டேன்.

– டேய், டேய், எங்க திருப்பற?

– பாலம் வேணாம். குவா வழியா போறேன்.

– பைத்தியமா உனக்கு? தண்ணி வத்துனாத்தான் அது ரோடு. ரோட்டோரப் பலகையப் பாரு, கடக்கலாம்னு போட்டிருக்கற நேரம் தாண்டிடுச்சு.

– பலகை அவனுங்களுக்கு. நான் நடக்கப் பழகுனதே இந்த ரோட்டுல. நாலு கிலோமீட்டர்தான். நடுப்பள்ளத்துல தண்ணி ஏறறதுக்குள்ள அந்தப் பக்கம் ஏறிடுவேன். பெல்ட்டப் போடு.

– கடவுளே, இவன் கூட வந்தேன் பாரு... இரு, போன் அடிக்குது. ஒதில் அத்தை. ஸ்பீக்கர்ல போடறேன்.

– அலோ, நதேஜ் கண்ணு? எங்கம்மா வந்துக்கிட்டிருக்கீங்க?

– பக்கத்துல வந்துட்டோம் அத்தை. அப்பா எப்படி இருக்காரு?

– என்னத்தச் சொல்ல கண்ணு. அப்பப்ப முழிக்கறாரு. டிராக்டர் சாவி எங்கங்கறாரு. குவாவுல யாரோ மாட்டிக்கிட்டாங்களாம், கயித்த எடு, கயித்த எடுங்கறாரு. நான் எந்தக் கயித்தக் கண்டேன்?

– கேட்டியாக்கா? சாகக் கிடக்கறப்பவும் புள்ளைங்க பேரு வாயில வரல. கயிறாம்!

– சும்மா இருடா. அத்தை, காதுகிட்டப் போய் சொல்லுங்க, பஸ்தியான் வர்றான்னு.

– சொல்லிட்டேனே கண்ணு. அதக் கேட்டதுலருந்து வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்காரு. சீக்கிரம் வாங்க, ராசா.

– கேட்டுச்சாடா? வாசலையே பாக்கறாராம்.

– கேட்டுச்சு, கேட்டுச்சு. பேசாம வா. பாசியில சக்கரம் வழுக்குது.

– ரெண்டு பக்கமும் தண்ணி பளபளன்னு வருதுடா.

– வரட்டும், எனக்கு நேரமிருக்கு.

– பஸ்தியான். கண்ணாடியப் பாரு.

– எதுக்கு?

– பின்னாடி காரு வருது. ஒண்ணில்ல. நாலு, அஞ்சு... வரிசையா வருது.

– என்னது? பலகை கண்ணுக்குத் தெரியலையா இவனுங்களுக்கு?

– பலகைய எங்க பாத்தாங்க? உன்னைத்தான் பாத்தாங்க. உன் வண்டியில எண்பத்தஞ்சுன்னு இருக்குல்ல? ஊர்க்காரனே போறான், நாமளும் போலாம்னு பின்னாடியே வந்துட்டாங்க.

– நானா கூப்பிட்டேன்? வரட்டும்.

– நடுப்பள்ளம் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதுடா!

– நனையட்டும். நனைஞ்சாத்தான் புத்தி வரும்.

– கடைசியா வர்றது அந்த மூணு சைக்கிள் வண்டி. அங்க நிக்கறப்ப பின் சீட்லருந்து ஒரு சின்னப் பொண்ணு எனக்குக் கையாட்டுச்சு.

– அதையெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்ற?

– வேற யார்கிட்ட சொல்ல?

– அக்கா, இப்ப நிறுத்தினா அந்தாள உயிரோட பாக்க முடியாது. உனக்குப் புரியுதா?

– புரியுதுடா. எனக்கும்தான் அப்பா.

– சனியனே, சனியனே! இறங்கு! கைய ஆட்டு! நான் வண்டியக் குறுக்கப் போடறேன். திரும்பச் சொல்லு, திரும்பிப் போகச் சொல்லு!

– திரும்புங்க! தண்ணி வருது, திரும்பிப் போங்க! ... ஆங், முதல் வண்டி திரும்பிடுச்சு. அடுத்ததும் திரும்புது.

– அந்தக் கடைசி ஆளப் பாரு! ஏய், ரோட்ட விட்டு இறங்காத! சேறு, சேறு! அட மடப்பயலே!

– மாட்டிக்கிச்சு. சைக்கிள் வண்டிதான்டா. உள்ள மூணு பசங்க.

– மீட்புப் படகுக்குச் சொன்னியா?

– சொல்லிட்டேன். கிளம்பறாங்களாம். ஆனா தண்ணி முந்திடும்டா. பசங்களத் தூக்கி, தண்ணியில மாட்டுனவங்க ஏறி நிக்கற அந்த அடைக்கலக் கம்பத்துல ஏத்திடலாமா?

– அதுக்கு ரொம்ப தூரம் ஓடணும். கட்டி இழுத்துடறேன். பின்னாடி சிப்பிக் கூடைக்கு அடியில கயிறு கிடக்கு, எடு.

– இதுவா? டேய்... இது அப்பாவோட கயிறுல்ல?

– ஆமா.

– இது எப்படி உங்கிட்ட?

– சண்டை போட்டுட்டு வந்தன்னிக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். இனிமே எவனையும் போய் இழுக்கக் கூடாதுன்னு. நிக்காத, அந்த முனையக் குடு!

– போன் அடிக்குது. அத்தை.

– கை ஈரம். என் காதுல வை. அலோ!

– பஸ்தியான், ராசா, எங்கடா இருக்க? கண்ண நல்லா தொறந்துட்டாருடா. தெளிவா பேசறாரு. ‘பஸ்தியான் வந்தாச்சா, பஸ்தியான் வந்தாச்சா’ன்னு அதையேதான் கேட்டுக்கிட்டிருக்காரு. நான் என்னன்னு சொல்லட்டும்?

– குவாவுல ஆளு மாட்டிக்கிச்சு, அதான் வரலன்னு சொல்லுங்க அத்தை. அப்பாவுக்குப் புரியும்.